அறைக்குள் 38, பெட்டிக்குள் 33

2008-ம் வருஷம், மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கும்மிடிப்பூண்டியில் என் சித்தப்பா வீட்டு மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே ஒரு டேபிள் ஃபேன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தம்பி. மூன்றுமே அனல் கக்கிக்கொண்டிருந்தன.

தம்பி என்றால் சித்தப்பா மகன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவன் தொழில். பொன்னேரி, ஆரம்பாக்கம், கவரைப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்து முகூர்த்தங்கள் எல்லாம் கேசட்டாக அவன் மேஜைக்கு வந்து, டிவிடியாகத் திரும்பிப் போகும். அன்றைக்கு அவன் முகம் சரியில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் பெருமையை விடவில்லை.

"பாருண்ணே, இந்த வெயில்லயும் சும்மா ஐஸ் மாதிரி இருக்கு."

திரையின் மூலையில் சின்னதாக ஒரு எண். 33 டிகிரி. ப்ராசஸரின் வெப்பநிலை. இப்போதுதான் ஆன் செய்திருந்தான்.

சுவரில் ஏதோ ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த தெர்மாமீட்டர் தொங்கியது. அது காட்டியது 38 டிகிரி.

இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது உறுத்துகிறதா? உறுத்தினால் சபாஷ். எனக்கு உறுத்தவில்லை. பி.காம். படித்தவனுக்கு இரண்டு எண்கள் இரண்டு வெவ்வேறு பேரேட்டில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தம்பியின் பிரச்னை இதுதான். ஒரு கல்யாணத்தை எடிட் செய்து முடித்து டிவிடிக்கு மாற்ற அவனுடைய மெஷின் ஆறு மணி நேரம் எடுத்தது. இது கட்டுப்படியாகாது என்று ஓவர்கிளாக் செய்தான். கம்பெனி 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடு என்று சொல்லி அனுப்பிய ப்ராசஸரை, கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து 3.2-ல் ஓட வைப்பது. மொபெட்டில் மூன்று மூட்டை ஏற்றுகிற சமாசாரம். ஆறு மணி நேர வேலை நாலரை மணியில் முடிய வேண்டும் அல்லவா? எட்டு மணி நேரம் ஆனது! போதாக்குறைக்கு ராத்திரி இரண்டு மணி வாக்கில் மெஷின் தானாகவே அணைந்துவிடும். காலையில் பார்த்தால் பாதிக் கல்யாணம்தான் தேறும். மாங்கல்யம் ஏறுவதற்குள் படம் முடிந்திருக்கும்.

பவர் சப்ளை கோளாறு என்றார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புதிது வாங்கி வந்தான். ரேம் கோளாறு என்றார்கள். அதையும் மாற்றினான். இரண்டும் கடன். பெண் வீட்டார் தினம் போன் செய்துகொண்டிருந்தார்கள். சூடு காரணமாக இருக்குமோ என்று அவனும் யோசிக்காமல் இல்லை. ஆனால், திரைதான் சூடே இல்லை என்று சத்தியம் செய்கிறதே! முழு வேலை ஓடும்போதுகூட 85-ஐத் தாண்டியதில்லை. சொல்லப்போனால் 85-க்கு வந்ததும் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றுவிடும். 86 என்பதை அவன் பார்த்ததே இல்லை.

இந்த ஆணியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

ப்ராசஸருக்கு எதற்கு ஜுரம் பார்க்கிற கருவி? ஆரம்பத்தில் அதெல்லாம் கிடையாது. 1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 என்கிற அதன் முதல் ப்ராசஸரில் 2,300 டிரான்சிஸ்டர்கள். தொட்டால் லேசாக வெதுவெதுக்கும், அவ்வளவுதான். எண்பதுகளின் 386 வரை அநேகமாக எல்லாம் மொட்டைத் தலையோடுதான் ஓடின. மேலே அலுமினியக் கட்டி கிடையாது, விசிறி கிடையாது. 1992-ல் 486-ன் வேகமான ரகங்கள் வந்தபோதுதான் தலையில் உலோகத் துண்டை வைக்கிற வழக்கம் பரவியது. அடுத்த வருஷமே பென்டியம். அது சுமார் 15 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு, நகத்தளவு இடத்தில்.

அப்புறம் ஏறிய வேகம் இருக்கிறதே! பத்தே வருஷம். 2004-ல் பென்டியம் 4-ன் உச்ச ரகங்கள் 100 வாட்டைத் தாண்டிவிட்டன. குண்டு பல்பை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள், புரியும். நாலு கிகாஹெர்ட்ஸ் சிப் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த இன்டெல், அந்த வருஷம் அக்டோபரில் திட்டத்தையே கைவிட்டது. அப்போதைய தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி வேடிக்கைதான், என்றாலும் மண்டியிட்டது நிஜம். மண்டியிட வைத்ததில் சூட்டுக்குப் பெரிய பங்கு.

இதற்கு நடுவே, கம்பெனிகள் விற்கிற வேகம் போதாது என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. 1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு சிப்பை மதர்போர்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி 300-லிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். பாதி விலைக்கு ராஜா ரக வேகம். ஓவர்கிளாக் என்பது அதுவரை சில கிறுக்கர்களின் பொழுதுபோக்கு. அதன் பிறகு மிடில்கிளாஸ் சிக்கனம்! வேகம் ஏற்றினால் சூடு ஏறும். சூடு எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அங்கே ஆரம்பித்தது வினை.

முதலில் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் நடுவே, அடியில், மிளகு சைஸில் ஒரு தெர்மிஸ்டர் வைத்தார்கள். அது ப்ராசஸரின் சூட்டை அளக்கவில்லை. ப்ராசஸருக்கு அடியில் இருக்கிற காற்றின் சூட்டை அளந்தது. அடுப்பில் கொதிக்கிற குழம்பின் சூட்டை, அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது மாதிரி. பத்து, இருபது டிகிரி குறைத்துக் காட்டும். அதுவும் லேட்டாக. சரி, குறைவாகக் காட்டுகிறதே என்று மதர்போர்டு தயாரிப்பாளர்கள் ஆளாளுக்கு ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டார்கள். ஒருவர் கூட்டியது இன்னொருவருக்குப் பொருந்தாது. பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து டிகிரி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. குறைந்தது சூடு இல்லை, கூட்டல்!

இந்தக் கூத்தின் உச்சம் 2001 செப்டம்பரில் நடந்தது. தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர் தொடங்கிய 'டாம்ஸ் ஹார்ட்வேர்' குழு ஒரு காரியம் செய்தது. கம்ப்யூட்டரில் க்வேக் 3 விளையாட்டை ஓடவிட்டு, ஓடும்போதே ப்ராசஸரின் தலைமேல் இருந்த ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். அதைப் படமும் பிடித்தார்கள். பென்டியம் 4 தள்ளாடியபடி நத்தை வேகத்தில் ஓடியது, ஆனால் ஓடியது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, உயிர் போகவில்லை. ஏ.எம்.டி.யின் அத்லான்? சில நொடிகளில் புகை. 300 டிகிரிக்கு மேல் போய்க் கருகியது. உள்ளே வெப்பம் அறிய டையோடு வைத்திருந்த அதன் புது ரகத்தையும் சோதித்தார்கள். அதுவும் கருகியது. சூட்டை உணர்வது ஒரு வேலை, உணர்ந்ததும் சட்டென்று வேகத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. பென்டியம் 4-க்குள் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கணக்கெழுதுகிறவரும் கல்லாப்பெட்டிக்காரரும் ஒரே ஆள்.

சிப்புக்குள்ளேயே வைக்கிற அந்த டையோடு எளிமையான சங்கதி. அதற்குள் கொஞ்சம் மின்சாரம் அனுப்பினால் அதன் முனைகளுக்கு இடையே ஒரு வோல்டேஜ் இருக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அது சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அந்த இறக்கத்தை அளந்தால் சூடு தெரியும். 2006 வாக்கில் இன்டெல் இன்னொரு படி போனது. சிப்பின் ஒவ்வொரு கோருக்குள்ளும் டிஜிட்டல் சென்சார். இனிமேல் மதர்போர்டின் தயவு தேவையில்லை. ப்ராசஸரிடமே நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அருமை. ஆனால் அது என்ன பதில் சொன்னது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உங்களுக்கு வங்கியில் ஒரு ஓவர்டிராஃப்ட் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுத்தீர்கள் என்று பாஸ்புக்கில் போடமாட்டார்கள். 'இன்னும் 52 ரூபாய் எடுக்கலாம்' என்று மட்டும்தான் இருக்கும். எடுத்தது எவ்வளவு? லிமிட் தெரிந்தால் கழித்துச் சொல்லலாம். லிமிட் 100 ரூபாய் என்றால் எடுத்தது 48. லிமிட் 85 என்றால் 33.

அந்த சென்சார் இப்படித்தான் பேசியது. 'என் உச்சவரம்பைத் தொட இன்னும் இத்தனை டிகிரி பாக்கி' என்று மட்டும் சொல்லும். பாக்கி பூஜ்யமானால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் வேலைக்கு அது போதும். உச்சவரம்பு என்ன எண் என்று லேப்டாப் சிப்களுக்கு இன்டெல் வெளியிட்டிருந்தது. டெஸ்க்டாப் சிப்களுக்கு வெளியிடவில்லை. திரையில் டிகிரி காட்டுகிற இலவச மென்பொருள்களை எழுதியவர்கள் என்ன செய்வார்கள்? ஊகித்தார்கள். சிலதுக்கு 85, சிலதுக்கு 100. ஊகம் தப்பினால் பதினைந்து டிகிரி துண்டு விழும்.

*

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். நான் சொன்ன இந்த ஓ.டி. கதை எதுவும் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. முடிச்சை அவிழ்த்தவர் கீழ் போர்ஷனில் குடியிருந்த ஒரு பெரியவர். சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. தம்பி அவரை மாமா என்று கூப்பிடுவான். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க மேலே வந்தவர், திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வெளிய 38 இருக்கு. உள்ள அடுப்பு எரியுது, அது 33-ன்னு சொல்லுது?"

"ஃபேன் ஓடுது மாமா."

"ஃபேன் எந்தக் காத்தை ஊதுது? இதே 38 டிகிரி காத்தைத்தானே? 38-ஐ ஊதி 33 ஆக்க முடியுமா?"

தம்பி லேசில் விடுகிறவனா? "மண்பானைத் தண்ணி மட்டும் எப்படி மாமா ஜில்லுனு இருக்கு?"

"அது தண்ணி கசிஞ்சு ஆவியாகிறதால. உன் பெட்டியில தண்ணி கசியுதா?"

அவ்வளவுதான். அங்கேயே கேஸ் முடிந்தது. காற்றால் ஆற்றுகிற எந்தப் பொருளும், அந்தக் காற்றைவிடக் குளிர்ந்து போக முடியாது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். ஓவர்கிளாக் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதுகிற கட்டுரைகளில் அறை வெப்பம் பெரும்பாலும் 20, 22 டிகிரி. அங்கே ப்ராசஸர் 33 என்று காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பொய் தப்பித்துவிடும். கோடையில் 40 டிகிரி பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கிற திருத்தணி இருப்பது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். இங்கே 33 என்கிற பொய் மேடையேறிய உடனே மாட்டிக்கொள்ளும். பார்க்கிற கண் இருந்தால்!

பெரியவர் அதோடு விடவில்லை. உருக்கிய இரும்பின் சூடு பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. 1,600 டிகிரியை ஒட்டிய குழம்பு. நீளக் குழாயின் நுனியில் தெர்மோகப்பிளைச் செருகி உள்ளே முக்குவார்கள். சில நொடிகளில் நுனி கரைந்து போகும். அதற்குள் மீட்டர் எண்ணைப் பிடித்துவிட வேண்டும். ஒரு முறை முக்கினால் நுனி குப்பைக்கு.

"அந்த ஒயரு டிகிரியைச் சொல்லாது தம்பி. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் என்ன வித்தியாசம்னுதான் சொல்லும். மீட்டர் இருக்கிற இடத்தோட சூட்டை அதோட கூட்டிக்கணும். ஒரு தடவை மீட்டர் டப்பா அடுப்பு ஓரமா போயிடுச்சு. கூட்ட வேண்டியதைச் சரியாக் கூட்டாம எல்லா ஹீட்டும் குறைச்சலாக் காட்டுச்சு. உங்க பெட்டியும் வித்தியாசத்தைத்தான் சொல்லுதோ என்னவோ!"

நான் பிரமித்துப் போனேன். அவர் சொன்ன கருவியின் பூர்வீகம் 1821. தாமஸ் சீபெக் என்பவர் இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. இது காந்த சமாசாரம் என்றே அவர் கடைசிவரை வாதாடினார். உண்மையில் வளையத்தில் மின்சாரம் ஓடியிருந்தது. அதை ஓட வைத்தது இரண்டு முனைகளின் சூட்டு வித்தியாசம். வித்தியாசம் மட்டும்தான். சரியான அடிப்படை எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யாவிட்டால் அது வெப்பநிலை ஆகாது. 1821-ன் உலோக வளையத்துக்கும் 2006-ன் சிலிக்கனுக்கும் ஒரே பேச்சு. நுனி கரையக் கரைய முக்கி எடுத்துப் பழகிய மனிதருக்கு அது கேட்டவுடன் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தம்பி அந்த மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கினான். அவனுடைய ப்ராசஸருக்கு உச்சவரம்பு 85 என்றிருந்த இடத்தில் புதிதில் 100 என்றிருந்தது. திரையில் 33 இருந்த இடத்தில் 48 வந்தது. ஆணியின் ரகசியமும் வெளிப்பட்டது. 85-ல் ஏன் நின்றது? அங்கேதான் பாக்கி பூஜ்யம். நிஜத்தில் அது 100 டிகிரி. உச்சத்தைத் தொட்டதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. 3.2-ல் ஓடுகிறது என்று இவன் நினைத்துக்கொண்டிருக்க, அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கி 2.4-க்கும் கீழே நடந்துகொண்டிருந்தது. எட்டு மணி நேரத்தின் காரணம் அது. அப்படியும் தாங்காதபோது சுத்தமாக அணைந்தது.

அதுசரி, ஏன் இத்தனை சூடு? பெட்டியைத் திறந்தோம். ஹீட்சிங்கை மதர்போர்டில் பிடித்துவைக்க நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் பின்கள். அழுத்தினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். மூன்று உட்கார்ந்திருந்தன. நான்காவது சும்மா நின்றுகொண்டிருந்தது. மாட்டியவன் யார்? கடைக்காரர் இல்லை. சாட்சாத் தம்பியேதான். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, நாலாவது பின்னையும் அழுத்தினோம். விசிறி இடுக்கில் அடைந்திருந்த சிவப்புத் தூசியைத் தட்டினோம். சிப்காட் பக்கத்துத் தூசி, அதில் இரும்பும் கொஞ்சம் இருக்குமோ என்னவோ. வேகத்தை 2.8-க்கு இறக்கி வோல்டேஜையும் குறைத்தான். அன்று ராத்திரி கல்யாணம் மாங்கல்யம் தாண்டி, சாப்பாட்டுப் பந்தி தாண்டி, மறுவீடு வரை முழுதாக ஓடியது. ஐந்தேகால் மணி நேரம். பவர் சப்ளைக்கும் ரேமுக்கும் வாங்கிய கடனை அடைக்க மட்டும் ஆவணி முகூர்த்தங்கள் வரை ஆயிற்று.

அந்த மே மாதத்துக்குப் பிறகு, அதே வருஷத்தில்தான் இன்டெல் தன் டெஸ்க்டாப் சிப்களின் உச்சவரம்பு எண்களை வெளியிட்டது. அதிலும் ஒரு வக்கணை. இவை இலக்கு எண்கள்தான், ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்றது. தவிர, சென்சாரின் வேலை உச்சத்துக்கு அருகே எச்சரிப்பது. கீழே போகப்போகத் துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள் என்று விளக்கியது. அந்தத் தலைமுறை சிப்கள் சிலவற்றில் சென்சார் ஒரு எண்ணுக்குக் கீழே இறங்கவே மறுத்து அப்படியே சிக்கிக்கொள்ளும். ஏ.எம்.டி. பக்கமும் வாழவில்லை. அதன் ஆரம்பகால ஃபெனம் சிப்கள் சிலவற்றில் வெப்ப அளவு நம்பகமில்லை என்று கம்பெனியே பிழைப் பட்டியலில் எழுதி வைத்தது. லினக்ஸில் அதற்கான டிரைவர், வற்புறுத்தினால் ஒழிய அந்தச் சிப்களின் எண்ணைக் காட்டவே காட்டாது. பொய் சொல்வதைவிட மௌனம் மேல் என்று ஒரு மென்பொருள்!

2017-ல் நடந்தது இன்னும் விசேஷம். மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்தது. 1800எக்ஸ், 1700எக்ஸ் வாங்கியவர்கள் சூட்டைப் பார்த்து அலறினார்கள். சில நாட்களில் கம்பெனி விளக்கம் சொன்னது. காட்டுகிற எண் நிஜ சூட்டைவிட 20 டிகிரி அதிகம். தவறுதலாக அல்ல, தெரிந்தே! பலவகை ரைசன்களுக்கும் விசிறி ஒரே ஒழுங்கில் சுற்ற வேண்டும் என்பதற்காகச் சேர்த்த 20. கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்து ரயிலைப் பிடிக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம் வருகிறார்களா? அதே டெக்னிக்தான். என்ன, அவர்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்வார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மட்டும்தான் இந்த வம்பு என்று நினைக்க வேண்டாம். 2024 மே 29-ம் தேதி டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று பதிவு செய்தது. இந்தியாவிலேயே இதுவரை இல்லாத வெயில் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால், அதே நாளில் டெல்லியின் மற்ற நிலையங்கள் எதுவும் 50-ஐத் தொடவில்லை. புவி அறிவியல் துறை அமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜுவே, இதற்கு வாய்ப்புக் குறைவு என்று அன்றே சந்தேகப்பட்டார். வானிலைத் துறை ஆட்களை அனுப்பி, நம்பகமான இன்னொரு கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டிப் பெரியவர் செய்ததும் அதைத்தானே?

தம்பி இப்போது ஏசி போட்ட அறையில் வேலை செய்கிறான். கேசட் போய், டிவிடியும் போய், எல்லாம் பென் டிரைவ், டிரோன் என்றாகிவிட்டது. போன கோடையில் ஏசி ரிப்பேரான ஒரு நாள் போன் செய்தான். புது மெஷின். 2022-ல் வந்த ரைசன் ரகம்.

"அண்ணே, 95 காட்டுது!"

அந்த ரகம் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. ஏ.எம்.டி.யே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"இரு, ரூம்ல எவ்ளோன்னு பாத்துட்டு வரேன்."

பழைய தெர்மாமீட்டர் இன்னும் அதே மாடியில்தான் தொங்குகிறதாம். படியேறுகிற சத்தம் போனில் கேட்டது.